மாத்திரை கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்குமான மருந்துகளை நர்சிங் மாணவர்கள் எப்படிப் படிக்க வேண்டும்?

மனநல வார்டில் புதிதாகச் சேர்ந்த 20 வயது இளைஞர். ராத்திரி அவருக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாள் மதியம் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கண்கள் மேலே செருகுகின்றன, நாக்கு தள்ளுகிறது, பேச்சு வரவில்லை. “பாத்தீங்களா சிஸ்டர், வந்தது இன்னும் எறங்கவே இல்ல!” என்று அம்மா அலறுகிறார். ஊரில் சொன்னதுபோல் இது பேய்தான் என்று அவருக்கு உறுதியாகிவிடுகிறது.

எந்த மனநல வார்டிலும் நடக்கக்கூடிய விஷயம் இது. மருந்தால் வந்த தசைப்பிடிப்பு, பெயர் அக்யூட் டிஸ்டோனியா. டியூட்டியில் இருக்கும் நர்ஸ் அதை அடையாளம் கண்டு உடனே மருத்துவரை அழைத்தால், புரோமெதசின் போன்ற ஓர் ஊசியில் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். அடையாளம் காணத் தவறினால், அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிப் பக்கமே இனி வராமல் போகலாம்.

பாடப்புத்தகம் மருந்துகளை வகை பிரித்து, பக்க விளைவுகளை நீண்ட பட்டியலாகத் தருகிறது. தேர்வுக்கு அது போதும். வார்டுக்குத் தேவை காலக்கணக்கு. இந்த மருந்து முதல் சில மணி நேரத்தில் என்ன செய்யும், பத்தாம் நாள் என்ன, மூன்றாம் மாதம் என்ன, ஐந்தாம் ஆண்டு என்ன? மருத்துவர் ரவுண்ட்ஸில் சில நிமிடங்கள் நிற்பார். முழு ஷிஃப்டும் நோயாளியோடு இருப்பவர் நர்ஸ். அதனால் மருந்தின் நல்லதும் கெட்டதும் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

மருந்துகள் வந்த வழி

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் ரத்தக் கொதிப்பையும் மூர்க்கமான மனக்கோளாறையும் தணிப்பதாக 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருள் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

மனச்சோர்வு மருந்து வந்தது காசநோய் வார்டிலிருந்து. ஐப்ரோனியாசிட் சாப்பிட்ட காசநோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். 1957 வாக்கில் அது மனச்சோர்வுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமினின் பலனைக் கண்டறிந்ததும் அதே காலத்தில்தான். மருந்து கொடுத்தபின் நோயாளியை யாரோ ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான் இவற்றின் பயன் வெளியே தெரிந்தது.

மனச்சிதைவு மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமைனின் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. காதில் கேட்கும் குரல்களும் அடிப்படையற்ற சந்தேகங்களும் இதனால் தணிகின்றன. ஆனால் உடல் அசைவை நடத்துவதும் இதே டோபமைன்தான். பால் சுரப்பை அடக்கி வைப்பதும் அதுதான். பக்க விளைவுகளில் பல இங்கிருந்தே வருகின்றன. இந்த ஒரு காரணம் புரிந்துவிட்டால் பட்டியலில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதல் மணி நேரங்களும் நாட்களும்

டிஸ்டோனியா சில மணி நேரங்களிலிருந்து சில நாட்களுக்குள் வரும். இளம் ஆண்களுக்கு அதிகம். தொண்டைத் தசை இறுகி மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து அகதீசியா. நோயாளியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கால் மாற்றி மாற்றி நிற்பார், வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பார். கேட்டால், “உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது சிஸ்டர், இருக்க முடியல” என்பார். வார்டில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ‘நோயாளி பரபரப்பாக இருக்கிறார்’ என்று நர்ஸ் குறிப்பு எழுதினால், மருத்துவர் அதே மருந்தின் அளவைக் கூட்டக்கூடும். அவஸ்தை இன்னும் ஏறும். தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு. எனவே ‘பரபரப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எப்போது தொடங்கியது, ஊசிக்கு முன்பா பின்பா, கால்கள் மட்டுமா, நோயாளி என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். அந்த நாலு வரி சிகிச்சையையே மாற்றும்.

மறக்கவே கூடாத ஒன்று நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். அரிதானது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. கடும் காய்ச்சல், கட்டையாக விறைத்த உடம்பு, கொட்டும் வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், குழம்பிய நினைவு. காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து வந்தால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து அக்கணமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் இதுவல்ல.

அபாயமான இடைவெளி

மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் எழுதப்படுபவை ஃப்ளூயாக்சிடின், எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள். இவை சில மணி நேரத்திலேயே செரடோனினின் மீது வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் மனம் தெளிவதற்கு 2 முதல் 4 வாரங்கள் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். ஆகவே ‘செரடோனின் குறைவு, அதை நிரப்புகிறோம்’ என்ற எளிய விளக்கம் முழு உண்மையாக இருக்க முடியாது. மூளை மெல்ல மெல்லத் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது, அதற்கு நாளாகிறது.

குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனோ பிறகுதான் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். இன்னொன்றும் நடக்கலாம். சிலருக்கு மனத்தின் இருள் விலகுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பிவிடும். படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்குச் சாவைப் பற்றிய எண்ணம் அப்படியே இருக்க, அதைச் செய்து முடிக்கும் வலு மட்டும் வந்து சேரும். ‘இன்னிக்கு எழுந்து குளிச்சிருக்காரு’ என்று வீட்டார் நிம்மதி அடையும் நாட்களில்தான் நர்ஸ் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேளுங்கள். இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய டிரைசைக்ளிக் மாத்திரைகள் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவற்றைத் தரும். ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைக் குடிக்கும். அதனால்தான் ஆபத்தில் இருப்பவர் கையில் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகத் தருவதில்லை. வார்டில் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதை மரியாதையோடு, காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. சாப்பிடுபவருக்கு வேறு வார்டில் வலிக்காக டிரமடால் எழுதப்பட்டால் செரடோனின் அளவு மீறலாம். நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வெடுக் வெடுக்கென்று துள்ளும் கால்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆகவே மருந்துச் சீட்டு முழுவதையும் படியுங்கள்.

தொண்டை வலித்தால் ரத்தப் பரிசோதனை

மற்ற மருந்துகள் கைவிட்ட இடத்தில் உதவுவது குளோசபின். வெள்ளையணுக்களைக் குறைத்து அது உயிரிழப்புகளை ஏற்படுத்தியது 1975இல் ஃபின்லாந்தில் வெளிப்பட்டது. பல நாடுகளில் மருந்து ஓரம்கட்டப்பட்டது. 1988இல் ஜான் கேன் குழுவினரின் ஆய்வு அதை மீட்டது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களில் குளோசபினால் 30 சதவீதம் பேர் தேறினார்கள், குளோர்புரோமசினால் 4 சதவீதம் பேரே தேறினார்கள். ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது. தொடக்க மாதங்களில் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். குளோசபின் சாப்பிடுபவர் ‘தொண்டை வலி, லேசா காய்ச்சல்’ என்றால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக் கூடாது, குடல் அசைவற்றுப் போய் இறந்தவர்கள் உண்டு.

பீடி, சிகரெட் பழக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் புகை ஈரலைத் தூண்டி, குளோசபினையும் ஓலன்சபினையும் வேகமாகக் கரைக்க வைக்கிறது. வார்டில் சேர்ந்தபின் பீடி நின்றால் அதே அளவு மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்து ஏறும். எச்சில் வழிந்து, நாளெல்லாம் தூங்கி விழுவார். டிஸ்சார்ஜ் ஆகிப் பழையபடி புகைத்தால் மருந்து இறங்கி, நோய் தலைதூக்கும்.

மாதங்கள், ஆண்டுகள்

ஓலன்சபினும் குளோசபினும் பசியைக் கூட்டி எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். தொடக்கத்திலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கலாம், மார்பில் பால் சுரக்கலாம். திருமணமாகாத பெண் இதை யாரிடம் சொல்வார்? தாம்பத்தியத்தில் வரும் சிக்கலை ஓர் ஆண் யாரிடம் சொல்வார்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தனியாக அழைத்து நாமே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பவருக்கு வாயும் நாக்கும் மெல்வதுபோல் தாமாக அசையலாம். இது டார்டிவ் டிஸ்கைனீசியா. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் இதற்கு உதவாது, மோசமாக்கவும் செய்யும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவதுதான் பெரிய பாதுகாப்பு.

தினமும் மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கு ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் போன்ற நீண்டநாள் ஊசிகள் உள்ளன. எண்ணெயில் கரைத்த மருந்து. தசையில் ஆழமாக, தோலை இழுத்துப் பிடித்துப் போட வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. அடுத்த ஊசித் தேதிக்கு வராதவரைத் தொடர்புகொள்வதும் சிகிச்சையின் பகுதியே.

“எனக்குத்தான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” இதைக் கேட்காத நோயாளி இல்லை. மனச்சோர்வு முதல்முறை வந்தவரும் குணமான பின் குறைந்தது 6 மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும். மனச்சிதைவுக்கு இன்னும் நீண்ட காலம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், நோயும் திரும்பலாம். ‘டாக்டர் சொல்லிட்டார், சாப்பிடுங்க’ என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

தெரிந்துகொள்ளும் உரிமை

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகையில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. தரப்படும் சிகிச்சையையும் அதன் பக்க விளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்கு அதே சட்டம் வழங்குகிறது.

இந்த உரிமை தாளிலிருந்து இறங்கி நோயாளியின் கைக்கு வரும் வழி நர்ஸ்தான். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் அம்மா, மருந்து வண்டியோடு வரும் சிஸ்டரிடம் கேட்பார். “இந்த மாத்திரையில முதல் வாரம் குமட்டும், பயப்படாதீங்க. மூணு வாரம் பொறுங்க. காய்ச்சல் வந்தா மட்டும் காத்திருக்காம வாங்க. ராத்திரியில மனசு தாங்கலைன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம்.” இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்படிச் சொல்லி அனுப்பப்படும் குடும்பம், கழுத்து திருகினாலும் பேய் என்று ஓடாது, வார்டுக்குத்தான் ஓடி வரும். நர்சிங் மாணவர் மருந்தியல் படிப்பது அதற்காகத்தான்.