கொசு போட்ட டைம்டேபிள்

வாரம் ஒருநாள் உங்கள் தெருவுக்கு ஒரு அக்கா வருவார். கையில் டார்ச் லைட், தோளில் பை. "தண்ணித் தொட்டியப் பாக்கணும்மா" என்று சொல்லிவிட்டு நேரே கொல்லைப்புறம் போய், சிமெண்ட் தொட்டிக்குள் வெளிச்சம் அடிப்பார். கிராம ஊராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் அவர். போன வாரம்தானே வந்தார், மறுபடி எதற்கு?

கொசுவால்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடும். நம் ஊர் வெயிலுக்கு முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். பறந்துவிட்டால் பிடிப்பது பெரும்பாடு. தண்ணீரில் நெளியும்போதே கதையை முடித்துவிட வேண்டும். ஆகவே அவர் வாராவாரம் வந்தே ஆக வேண்டும். ஊராட்சி அலுவலகம் போட்ட அட்டவணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், போட்டது கொசு!

டார்ச் அடிக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். வால் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டித்தான் அவை மூச்சு விடுகின்றன. நிழல் பட்டால் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். கொஞ்ச நேரத்தில் காற்றுக்காக மேலே வந்துவிடும். அக்கா தொட்டியில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து ஊற்றுவது இவற்றுக்காகத்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள் என்பார். சும்மா சொல்லவில்லை. ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

ஊருக்கே குடிதண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் நடக்கும் வேலை வாரத்துக்குக் காத்திருக்காது. அது தினசரி வேலை. டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டுவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். அவ்வளவுதானா என்று தோன்றும். அந்தப் பவுடரிலிருந்து வரும் குளோரினுக்கு அரைமணி நேரம் கொடுத்தால் பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். பவுடர் மூட்டையைத் திறந்து போட்டால் குளோரின் காற்றோடு போய்விடும். பிறகு எத்தனை கிராம் போட்டாலும் வீண்.

குழாய் வழியே போகப் போக, வழியில் இருக்கும் அழுக்கும் கிருமியும் குளோரினைத் தின்றுகொண்டே வரும். அதனால் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகக் கூடாது. ஊரின் கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் சோதனைத் திரவத்தைச் சில சொட்டு விட வேண்டும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நிறமே வரவில்லையா? ஒன்று பவுடர் குறைச்சல், இல்லை எங்கோ உடைந்த குழாயில் சாக்கடை கலக்கிறது. மருந்து வாடை அடிக்கிறதே என்று முகம் சுளிக்கிறோமே, அந்த வாடை கொஞ்சம் வருவது நல்ல செய்திதான்.

குப்பைக் கிடங்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வேலை செய்கிறது. தூய்மைக் காவலர்கள் சேர்த்த காய்கறித் தோலையும் இலைதழையையும் சாணத்தோடு குவித்து வைத்தால், சில நாளில் குவியலின் நடுவே 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். யாரும் தீ வைக்கவில்லை. நுண்ணுயிரிகள் தின்று செரிக்கும்போது வெளிவரும் வெப்பம் அது. உள்ளே ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவைத்துச் சற்றுநேரம் கழித்து எடுத்தால் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் களை விதையும் கிருமியும் சாகும். உள்ளே காற்று தீர்ந்தால் நாற்றம் கிளம்பும், அதனால் குவியலை அவ்வப்போது புரட்டிப் போடுகிறார்கள். நாம் கலந்து போட்ட பிளாஸ்டிக் பை நடுவில் கிடந்தால் காற்றும் போகாது, எருவும் ஆகாது.

இதற்கிடையில் ஊராட்சிக்கு எரியாத தெருவிளக்கு, அடைத்த கால்வாய், வீட்டு வரி ரசீது எல்லாம் உண்டு. ஊர் வேலையைப் பிரித்துக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று இருக்கிறது. கொசு வாரியம்தான் இல்லை, பாவம்!

இந்த வேலைகளையெல்லாம் கேள்வி கேட்கத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். உங்களுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதனால் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்: "கடைசித் தெருக் குழாயில கடைசியா எப்பப் பாத்தீங்க, மஞ்சள் வந்துச்சா?"