கை அறிந்த பாதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

நாள்தோறும் நாம் பயன்படுத்தி வந்த இணையதளம் ஒன்று, ஒருநாள் திறந்து பார்த்தால் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கிறது. மேலே வலப்புறம் இருந்த பொத்தான், இப்போது மூன்று கோடுகளுக்குள் ஒளிந்து கொண்டிருக்கிறது. நமக்குக் கோபம் வருகிறது. உடனே, "புதுமைக்குப் பழகத் தெரியாதவர்கள்" என்று நம்மைக் கேலி செய்யவும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் இக்கோபத்திற்கு அறிவியல் வழியில் காரணம் உண்டு.

நினைவு என்பது ஒரே வகையன்று. பெயர், தேதி, சூத்திரம் ஆகியவற்றை மனத்தில் வைப்பது ஒரு வகை. மிதிவண்டி ஓட்டுவதும் தறி நெய்வதும் மற்றொரு வகை. இவை வெவ்வேறு என்பதை உலகிற்குக் காட்டியவர் ஒரு நோயாளி. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு, வலிப்பு நோயைத் தணிப்பதற்காக 1953-இல் மூளையின் இருபுறமும் ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியை, பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்குக் கொடுத்தார். மூன்றே நாளில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. வியப்பு என்னவென்றால், அப்பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை! மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை.

இணையதளத்திலும் இதுதான் நடக்கிறது. பழகியபின் பொத்தானின் பெயரை யார் படிக்கிறார்கள்? கை தானாகவே அந்த இடத்திற்குப் போகிறது. இடம் மாறிவிட்டால், புதிய வழியைக் கற்பதோடு வேலை முடிவதில்லை. பழைய இடத்திற்கே ஓடும் கையை ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்தவும் வேண்டும். முதன்முதலாக வருபவருக்கு இந்தச் சுமை கிடையாது. ஆகவே நன்கு பழகியவர்தான் முதலில் அதிகம் தடுமாறுகிறார். இதை அறியாமை என்பது எப்படிப் பொருந்தும்?

பெரிய நிறுவனங்களும் இதில் சூடு கண்டிருக்கின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012-இல் விண்டோஸ் 8 வெளியிட்டபோது, திரையின் இடது மூலையில் பல்லாண்டுகளாக இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 2013-இல் பொத்தான் திரும்பி வந்தது; 2015-இல் விண்டோஸ் 10-இல் அதன் பட்டியலும் வந்து சேர்ந்தது. 2018-இல் ஸ்நாப்சாட் செயலி தன் தோற்றத்தை மாற்றியபோது, பழையதே வேண்டும் என்று 12 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

மாற்றுவோர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கணினித் திரைக்கு அமைத்த பக்கம் கைபேசியில் அடங்காது. பாதுகாப்பிற்கும் சில மாற்றங்கள் தேவை. அழகுக்காக மட்டும் மாற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாயாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தும், தமக்கு வரவேண்டிய பணம் வந்துவிட்டதா என்பதை ஒரு தளத்தில் தாமே பார்த்து வந்தார். "நீலப் பட்டையில் மூன்றாவது கட்டம், அதற்குக் கீழே பச்சைப் பொத்தான்." அவர் கற்ற பாடம் இவ்வளவே. ஒருநாள் பட்டையும் இல்லை, பச்சையும் இல்லை. பணமே போய்விட்டதோ என்று பதறி, மறுநாள் வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் பேருந்து ஏறி, பிரவுசிங் சென்டரில் 50 ரூபாய் கொடுத்துப் பார்த்து வந்திருக்கிறார். ஒருநாள் கூலியும் போயிற்று. விடுதியில் இருந்த எனக்குச் செய்தி பிறகுதான் தெரியும். படிக்கத் தெரிந்த நமக்கு இது பத்து நிமிட எரிச்சல். இடத்தையும் நிறத்தையும் எழுத்தாகக் கொண்டவருக்கோ, கற்றது முழுவதும் ஒரே இரவில் அழிந்துவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் தன் தோற்றத்தை மாற்றியது. ஆனால் கணக்கு வைத்திருப்போர் விரும்பினால், பழைய தோற்றத்தையே தேர்ந்தெடுத்துக்கொள்ள இடம் விட்டது. பொழுதுபோக்காகப் படிப்பவருக்கே அவ்வளவு சலுகை என்றால், கூலியையும் உதவித்தொகையையும் காட்டும் தளங்கள் பழைய பக்கத்தை ஒரு மூன்று மாதமாவது பக்கத்திலேயே விட்டுவைக்கலாம். எது எங்கே போயிற்று என்று படம் போட்டு, தமிழில் ஓர் அறிவிப்பும் முன்கூட்டியே வைக்கலாம்.