எண்ணெய்க் கிணற்றின் அடியில் இயங்கும் பம்புகள்

புதிய எண்ணெய்க் கிணற்றில், நிலத்தடிப் பாறையடுக்கின் அழுத்தமே பெரும்பாலும் எண்ணெயை மேலே தள்ளிவிடுகிறது. நாளடைவில் அவ்வழுத்தம் குன்றி, எண்ணெய் தானாக வருவது நின்றுவிடுகிறது. ஆயினும் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் பெருமளவு எஞ்சியிருக்கும். தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இந்த எச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று.

தரைமீது அமைந்த பம்பு, நீரைக்கூடச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சி உயர்த்த இயலாது. எண்ணெய்க் கிணறுகளோ பெரும்பாலும் ஆயிரம் மீட்டரையும் கடந்த ஆழமுடையவை. ஆகவே, பம்பைக் கிணற்றினுள் இறக்கி, எண்ணெயை மேல்நோக்கித் தள்ளச் செய்ய வேண்டியுள்ளது. இத்தகைய பம்புகளுள் நான்கு வகைகள் முக்கியமானவை.

முதலாவது, தண்டுப் பம்பு. தரைமீது ஏறி இறங்கும் உத்தரம், நீண்ட எஃகுத் தண்டுகளின் வழியே அடியிலுள்ள பிஸ்டனை இயக்குகிறது. பிஸ்டன் உயரும்போது மேலுள்ள எண்ணெய் தூக்கப்படுகிறது. கீழ் வால்வு திறந்து புதிய எண்ணெய் உள்ளே புகுகிறது. பிஸ்டன் இறங்கும்போது கீழ் வால்வு மூடிக்கொள்ள, எண்ணெய் பிஸ்டனின் வால்வு வழியாக மேற்புறம் சேர்கிறது. குஜராத்தின் மேசானா வயல்களில் இவ்வகை பரவலாக வழங்குகிறது. குறைந்த விளைச்சலுள்ள கிணறுகளுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, மூழ்கு மின்பம்பு. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல சுழல் சக்கரங்களை அடியிலுள்ள மின்மோட்டார் சுழற்றுகிறது. மிகுதியான எண்ணெயையும் நீரையும் இது இறைக்கும். ஆனால், வாயுவும் மணலும் இதற்குப் பகை.

மூன்றாவது, திருகுப் பம்பு. இது பிரெஞ்சுப் பொறியாளர் ரெனே முவானோ வகுத்த தத்துவத்தில் அமைந்தது. ரப்பர் உறையினுள் எஃகுத் திருகு சுழல்கையில், பிசுபிசுப்பான எண்ணெயும் மணலும்கூட மேலேறுகின்றன. மிகுந்த வெப்பத்தை அந்த ரப்பர் தாங்காது.

நான்காவது, தாரைப் பம்பு. மேலிருந்து உயரழுத்தத்தில் செலுத்தப்படும் திரவம், குறுகிய துளை வழியே பாய்ந்து எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. அடியில் அசையும் உறுப்புகள் இல்லாததால் தேய்மானம் குறைவு. ஆற்றல் செலவு அதிகம்.

எல்லாக் கிணறுகளுக்கும் பொருந்தும் பம்பு என ஒன்று இல்லை. ஆழம், விளைச்சல், வாயு, மணல், வெப்பம் ஆகியவற்றை ஆராய்ந்தே தேர்வு செய்தல் வேண்டும். பொருந்தாத பம்பு விரைவில் பழுதாகும். அதனை வெளியே எடுத்துச் சீராக்கும்வரை உற்பத்தி நின்றுபோகும். எனவே, பம்பின் விலையை மட்டும் கருதாது, அது இடையறாது உழைக்கும் காலத்தையும் கணக்கிடுவதே உண்மையான சிக்கனமாகும்.