வீட்டிலிருந்தபடியே ஒரு முதுநிலைப் பட்டம்

அறிவியல் வளர வளரக் கல்வியின் வடிவமும் மாறி வருவதை நாம் காண்கிறோம். ஆசிரியர் முன் அமர்ந்து கற்பதே கல்வி என்றிருந்த காலத்தில் அஞ்சல் வழிக் கல்வி வந்தது. பாடங்களைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். வேலை பார்த்துக்கொண்டே அவ்வாறு பட்டம் பெற்றோர் நம் குடும்பங்களிலேயே உண்டு. அதன் அடுத்த படியே இணைய வழிக் கல்வி. இன்று செயற்கை நுண்ணறிவுத் துறையில் முதுநிலைப் பட்டத்தையே இவ்வழியில் பெறலாம். அது எத்தகைய படிப்பு? வீட்டிலிருந்து படிப்பதால் எளிதாகிவிடுமா? ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இவற்றை விளக்க விரும்புகிறோம்.

செயற்கை நுண்ணறிவு என்பது, மனிதர் அறிவைக் கொண்டு செய்யும் செயல்களைக் கணிப்பொறியைச் செய்யவைக்கும் துறை. பேச்சைப் புரிந்துகொள்ளுதல், படத்தில் இருப்பதை அறிதல், புதிரை விடுவித்தல் முதலியன அத்தகைய செயல்கள். 1956-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர்கள் சிலர் கூடி நடத்திய ஆய்வுக் கூட்டத்தையே இத்துறையின் தொடக்கமாகக் கூறுவர்.

அந்நாட்டின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் உள்ளது. அது 2014-ஆம் ஆண்டு சனவரியில் கணிப்பொறி அறிவியலில் இணைய வழி முதுநிலைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு இதில் பயிலலாம். வெளி மாநில மாணவர் நேரில் சென்று படிக்க அப்போது ஏறத்தாழ 45,000 டாலர் ஆயிற்று. இணைய வழியிலோ ஏறத்தாழ 7,000 டாலரே. பட்டச் சான்றிதழில் வேறுபாடு ஏதும் இல்லை. பின்னர் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் வழங்கும் இணைய வழிப் படிப்பை 2024-இல் தொடங்கியது.

யாருக்கு இதனால் பயன்? அட்லாண்டாவின் படிப்பைப் பொருளியல் அறிஞர்கள் சிலர் ஆராய்ந்தனர். நேரில் படிக்க விண்ணப்பித்தோரின் சராசரி வயது 24. இணைய வழிக்கு விண்ணப்பித்தோரின் சராசரி வயது 34. இந்த வாய்ப்புக் கிட்டாதவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் சென்று படிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். வேலையையும் குடும்பத்தையும் விட்டு வர இயலாதவர்களுக்கு மூடியிருந்த கதவு ஒன்று திறந்தது என்பதே இதன் பொருள்.

ஆனால் கதவு அகலமானதே தவிர, படிக்கட்டு தாழவில்லை. பட்டம் பெறப் பத்துப் பாடங்களில் தேற வேண்டும். சேர்ந்த முதல் 12 மாதங்களுக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் 'பி' தரத்துக்குக் குறையாமல் பெற்றாக வேண்டும். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகளை இரவிலோ விடியற்காலையிலோ கேட்கலாம். எனினும் ஒப்படைப்புகளுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். கடினமான பாடம் ஒன்றுக்கே வாரத்திற்கு 15 முதல் 20 மணி நேரம் செலவாகும். "படித்தாயா?" என்று கேட்க அருகில் ஆசிரியர் இல்லை. நமக்கு நாமே கண்காணிப்பாளர்.

அங்கே என்னதான் கற்கிறார்கள்? அறிவுசார் செயற்கை நுண்ணறிவு என்ற பாடத்தைப் பார்ப்போம். ராவன் என்ற உளவியலார் 1938-இல் வெளியிட்ட படப் புதிர்களைப் போன்றவற்றை நாமும் திறனறித் தேர்வுகளில் கண்டிருக்கிறோம். வரிசையாகப் படங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். அதற்குரிய படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தானே விடுவிக்கும் நிரலை எழுதுவது அப்பாடத்தில் பயிற்சியாகத் தரப்பட்டது. கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முன், 'இதை நாம் எப்படி விடுவிக்கிறோம்?' என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வட்டம் பெரிதாயிற்றா? சதுரம் திரும்பிற்றா? கோடு மறைந்ததா? நொடியில் நாம் செய்வதை இப்படிப் படிப்படியாகப் பிரித்து எழுதும்போதுதான், நம் சிந்தனையின் வழி நமக்கே புலனாகிறது.

இதே பாடத்தில் 2016-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஏறத்தாழ 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் 10,000 அளவில் செய்திகள் எழுதுவர். விடையளித்த துணை ஆசிரியர்களுள் ஜில் வாட்சன் என்பவரும் ஒருவர். பருவத்தின் இறுதியில்தான் ஜில் ஒரு கணிப்பொறி நிரல் என்பதைப் பேராசிரியர் அசோக் கோயல் வெளிப்படுத்தினார்! விடை சரியென்று 97 விழுக்காடு உறுதி இருந்தால் மட்டுமே அது பதில் எழுதும்படி அமைத்திருந்தனர். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வழக்கமான கேள்விகளை அது ஏற்றுக்கொண்டதால், ஆழ்ந்த ஐயங்களைத் தீர்க்க ஆசிரியர்களுக்கு நேரம் கிடைத்தது.

கணிப்பொறி பதில் எழுதும் காலத்தில், 'நம் பயிற்சியையும் அதுவே எழுதட்டுமே' என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. இங்கேதான் கருத்தூன்ற வேண்டும். எந்திரக் கற்றல் என்ற மற்றொரு பாடத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. நிரலை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் இல்லை. விடை ஏன் அப்படி வந்தது, எங்கே பிழைத்தது என்று மாணவர் தாமே ஆராய்ந்து எழுதும் அறிக்கைக்கே மதிப்பெண். விடை பிறரிடம் கிடைக்கலாம். விளக்கம் நம்மிடமிருந்தே வர வேண்டும். பிறர் உண்டால் நம் பசி ஆறுமா?

மாணவியரே, இத்துறைக்கான அடித்தளம் நம் வகுப்பறையிலேயே இடப்படுகிறது. கணிதப் பாடத்தில் வரும் அணிகளை 'எதற்குப் பயன்?' என்று நாம் கேட்பதுண்டு. கணிப்பொறி ஒரு படத்தை எண்களின் அணியாகவே காண்கிறது. இது பூனையா நாயா என்று அது கூறுவது நிகழ்தகவால். தன் பிழையைக் குறைத்துக்கொள்வது நுண்கணிதத்தால். பனி மூடிய மலையில் வழி தெரியாதவர், காலடியில் சரிவு எப்பக்கம் என்று தொட்டுணர்ந்து ஒவ்வோர் அடியாக இறங்குவதைப் போன்றது அது.

பெற்றோருக்கும் ஒரு சொல். சில வாரச் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. பணம் கட்டுமுன் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, அதற்கு முறையான ஏற்பு உண்டா, தேர்வு எவ்வாறு நடைபெறும் என்று கேட்டறிவது நன்று. திருமணமாயிற்று, வேலைக்குப் போயாயிற்று என்று ஒரு பெண்ணின் படிப்பு முற்றுப்பெற வேண்டியதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம். நாள்தோறும் இரண்டு மணி நேர அமைதியை வீட்டார் அளித்தால், அவள் தொடர்ந்து கற்பாள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பர். பத்துப் பாடங்களும் அப்படித்தான் நகரும். இன்று செய்ய வேண்டிய கணக்கை இன்றே, நாமே செய்து பழகுவோம்.