சிந்தாதிரிப்பேட்டை துணி ஏற்ற வந்த கப்பலில் இறங்கிய கசப்பு பீர்!
'பேல் ஏல்' ருசி பார்ப்பது எப்படி? ஒரு ஸ்ட்ராங் பீருக்கு எத்தனை 'லார்ஜ்' கணக்கு?

சென்னை:

பெங்களூர், பாண்டிச்சேரி போய் வரும் இளைஞர்கள் வாயில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர் 'கிராஃப்ட் பேல் ஏல்'. ஒரு கிளாஸ் வாங்கி ஒரு வாய் குடித்ததும், "என்னப்பா இது, வேப்பங்கொழுந்து கஷாயம் மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த கசப்புக்கும் நம்ம சென்னைக்கும் 200 வருடத்துக்கு மேல் பழக்கம்.

சின்ன தறிப்பேட்டை

கூவம் ஆறு வளைந்து ஓடும் இடத்தில், சுங்குராமா என்ற வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில், 1734-ம் ஆண்டு கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர்களை குடியமர்த்தினார். 'சின்ன தறிப்பேட்டை' என்ற பெயர்தான் பேச்சு வழக்கில் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. நூல் நூற்பவர், தறி போடுபவர், துணி வெளுப்பவர், சாயம் தீட்டுபவர் எல்லோரும் இங்கே இருந்தனர். இவர்கள் கைபட்ட துணி கிழக்கிந்திய கம்பெனி கப்பலில் லண்டனுக்கு போனது.

துணியும் மற்ற சரக்கும் ஏற்ற வரும் கப்பல் லண்டனில் இருந்து கிளம்பும்போது சரக்கு குறைவு. அதனால் வரும் வழிக்கு வாடகை குறைவு. இதை பிடித்துக்கொண்டவர் ஹாட்ஜ்சன். லண்டனில் கம்பெனி கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு பக்கத்திலேயே, 'போ' என்ற ஊரில், 1752 முதல் பீர் ஆலை நடத்தியது இவரது குடும்பம். கப்பல் அதிகாரிகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கடன் கொடுத்து பீப்பாய்களை ஏற்றி விட்டனர்.

அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலா படகில்தான் சரக்கு கரைக்கு வரும். வெள்ளைக்கார துரைமார் குடித்த பீர் அப்படி அலையில் ஆடி ஆடி வந்ததுதான்.

ஏன் கசப்பு?

பீருக்கு கசப்பு தருவது 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூ. அது வாசனையும் தரும், பீர் கெடாமலும் பார்த்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவை சுற்றி மாதக்கணக்கில் வரும் பயணத்தில் வெயில் தாங்க வேண்டுமே என்று ஹாப்ஸை கூடுதலாக போட்டனர். புகை படாமல் காய வைத்த பார்லி என்பதால் நிறம் வெளுப்பு. அதுதான் 'பேல்'.

இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே இந்த பீரை ஒருவர் புதிதாக கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. ஏற்கனவே இங்கிலாந்தில் இருந்த சரக்குதான். இந்தியாவில் சக்கைப்போடு போட்டதால் இந்தியா பெயர் ஒட்டிக்கொண்டது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்ததும் ஹாட்ஜ்சன் கொடி இறங்கியது.

பின்னர் உள்ளூரிலேயே ஆலைகள் வந்தன. 1915-ல் நீலகிரி ஆலை உள்பட தென்னிந்தியாவின் 5 ஆலைகளை சேர்த்து தாமஸ் லீஷ்மேன் தொடங்கியதுதான் யுனைடெட் புரூவரீஸ்.

ருசி பார்ப்பது எப்படி?

நம்ம ஊர் டாஸ்மாக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 'லாகர்'. குளிரில் மெதுவாக நொதிக்க விடுவது. 'ஏல்' கொஞ்சம் வெதுவெதுப்பில் சீக்கிரம் நொதிப்பது. அதனால் பழ வாசனை வரும். ருசி பார்ப்பவர்கள் கவனிப்பது இவைதான்:

* பாட்டிலோடு குடிக்கக்கூடாது. கிளாஸில் ஊற்றி நிறமும் நுரையும் பார்க்க வேண்டும்.

* ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும். நல்லது கெட்டது தெரியாது.

* முதலில் முகர வேண்டும். ஆரஞ்சு தோல், பம்பளிமாஸ் வாசனை வந்தால் நல்ல ஹாப்ஸ். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பழைய சரக்கு.

* ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டி விழுங்க வேண்டும். கசப்பு கடைசியில்தான் தெரியும். பாகற்காய் குழம்பு மாதிரி, கசந்தாலும் அடுத்த வாய்க்கு இழுத்தால் அது நல்ல பேல் ஏல். தொண்டையிலேயே கசப்பு நின்றுவிட்டால் மார்க் குறைவு.

வெயில் பட்ட பீரில் ஹாப்ஸ் கெட்டு துர்நாற்றம் அடிக்கும். பழுப்பு பாட்டில் இதை தடுக்கும். பச்சை பாட்டில் அவ்வளவாக தடுக்காது. எந்த பாட்டிலானாலும் தயாரிப்பு தேதியை பார்ப்பது நல்லது.

"பீர்தானே மச்சி"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கசப்பு வேறு, போதை வேறு. வாய் கசக்கும் பேல் ஏலில் ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கசப்பே தெரியாத ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் வரை இருக்கலாம்.

கணக்கு போட்டு பாருங்கள். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 52 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீதம் உள்ள பிராந்தி 60 மில்லியில் இருப்பது சுமார் 26 மில்லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், ரெண்டு லார்ஜுக்கு சமம். சாயங்காலம் வேலை முடிந்து "ஒரு பீர்தான்" என்று அடித்துவிட்டு பைக்கை எடுப்பவர் இந்த கணக்கை மறந்துவிடுகிறார்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் போலீஸ் பிடிக்கும். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு மாத வீட்டு செலவு.

மது எந்த அளவிலும் உடம்புக்கு பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொல்லிவிட்டது. துரைமார் பீருக்கு கப்பல் வாடகை குறைவுதான். ஆனால் அதை குடிப்பவர் வீடு கொடுக்கும் வாடகை அன்றும் இன்றும் அதிகம்தான்.