கான்செர்டினா: அன்று கூடம், இன்று பட்டறை

பள்ளி இயற்பியலில் 'வீட்ஸ்டோன் சமனச்சுற்று' படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு தேர்வுக் கேள்வி. அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் கான்செர்டினாவின் தகப்பன். வாத்தியக் கடைக் குடும்பத்தில் வளர்ந்தவர், சீனத்து ஷெங் கருவி ஒலிக்கும் விதத்தை ஆராய்ந்தவர். 1829-இல் ஒரு காப்புரிமை, 1844-இல் இன்னொன்று. இரு கைக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி. நடுவில் துருத்தி, இருபுறமும் பொத்தான்கள். உள்ளே ஒலிப்பது நம் ஆர்மோனியத்திலும் சுருதிப்பெட்டியிலும் இருக்கும் அதே ரீடு வகைதான்.

அன்று அது பெரிய மனிதர் வீட்டுக் கூடத்துக்கான வாத்தியம். லண்டன் கான்டுயிட் தெருக் கடையில் யார் எந்த எண் பெட்டியை வாங்கினார்கள் என்று பேரேடு எழுதினார்கள். அதில் சீமாட்டிகளின் பெயர்கள் ஏராளம். கிட்டாரிலும் பெயர் பெற்ற ஜூலியோ ரெகொந்தி அதைக் கச்சேரி மேடைக்கே ஏற்றினார். பிறகு வீட்ஸ்டோனிடம் வேலை பார்த்த லூயி லாஷெனால் தனியே தொழில் தொடங்கி, இயந்திரம் வைத்து மலிவாகச் செய்து குவித்தார். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்து உலிக் 1834-இல் தொடங்கிவைத்த வேறொரு வகையும் வந்து சேர்ந்தது. அதில் துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். அதன் வழிவந்ததுதான் ஆங்கிலோ. கூடத்தை விட்டு இறங்கிய பெட்டி மில் தொழிலாளியின் கைக்குப் போனது. தெருமுனையில் பாடிப் பிரசங்கித்த இரட்சணிய சேனையின் கைக்கும் போனது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் அடுப்படி வரை நுழைந்தது.

கிராமபோனும் ரேடியோவும் பியானோ அக்கார்டியனும் வந்த பிறகு அதைச் சீந்துவார் இல்லை. லாஷெனால் 1930-களில் மூடப்பட்டது. தலைமுறைகளாகக் கான்செர்டினா செய்துவந்த லண்டன் கிராப் குடும்பத்துப் பட்டறை 1989 வரை தாக்குப்பிடித்தது.

சீந்தாத காலத்தில் நடந்த ரிப்பேருக்கு ஒரே இலக்கணம்தான்: சத்தம் வந்தால் போதும். துருத்தி ஓட்டைக்குக் கையில் கிடைத்த டேப், ஒரு பெட்டியின் உயிருக்கு இன்னொரு பெட்டியின் ரீடு. இன்று பழைய பெட்டியைத் திறப்பவர் முதலில் எண்ணைத்தான் பார்க்கிறார். வீட்ஸ்டோன் பேரேடுகள் இப்போது லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். தேதி தெரிந்தால் அந்தக் காலத்துத் தோலின் நிறம் தெரியும், மடிப்பில் ஒட்டிய பூப்போட்ட காகிதம் எது என்று தெரியும். அந்தக் காகிதத்தைக்கூட அதே அச்சில் புதிதாக அடித்து ஒட்டுகிறார்கள்.

வேலை பொடி வேலை. 48 பொத்தான் என்றால் இழுக்க ஒன்று, தள்ள ஒன்று என 96 ரீடுகள். காற்று எதிர்ப்பக்க ரீடு வழியே போய்விடாமல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தோல் மடல். பொத்தானுக்கு ஒரு ஸ்பிரிங், துளையை மூட ஒரு தோல் வில்லை. முதலில் கெடுவது தோல்தான்: மடல் சுருளும், வில்லை இறுகும். மரம் வற்றி ரீடு பலகை தளரும். காற்று கண்டபடி கசியும். எஃகு ரீடாக இருந்தால் துருவும் உண்டு. இவை எல்லாவற்றையும் சரிசெய்யலாம். மாற்றிய வில்லையை நாளை இன்னொருவர் கழற்றவும் முடியும்.

சுருதி அப்படியல்ல. ரீடின் நுனியில் அரம் போட்டால் சுருதி ஏறும், அடியில் போட்டால் இறங்கும். பழைய பெட்டிகள் பலவும் இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட உயர்ந்த சுருதியில், 452-ஐ ஒட்டி வைக்கப்பட்டவை. இன்றைய கோஷ்டியோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் அடியில் உலோகத்தை அராவித்தான் ஆக வேண்டும். அராவிய உலோகம் திரும்பாது. தொடக்கக்கால வீட்ஸ்டோன் பெட்டிகளில் ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் தனித்தனிப் பொத்தான், தனித்தனிச் சுருதி. ஆர்மோனியத்தில் இந்த நுணுக்கம் இல்லை என்பதுதானே நம் வித்வான்களின் பழைய குறை! இரண்டையும் ஒரே சுரமாக்கிவிட்டால் வாசிப்பவருக்கு வசதி. ஆனால் 1850-இல் காதில் விழுந்த நாதம் அந்தப் பெட்டியோடு முடிந்தது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மக்கான் என்பவர் 1884-இல் காப்புரிமை பெற்ற டூயட் என்ற கான்செர்டினா வகையை வாசிப்பவர் குறைவு, ஆகவே விலையும் குறைவு. ஐரிஷ் இசையால் ஆங்கிலோவுக்குக் கிராக்கி. விளைவு, நல்ல டூயட்டின் குடலை உருவி ஆங்கிலோவாக மாற்றி விற்கிறார்கள். புதிதாகச் செய்யும் கைவினைஞரிடம் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். இருந்தாலும் அதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு லாஷெனால் செய்து குவித்த பெட்டிகள் இன்னும் நிறையவே கிடைக்கின்றன, அவற்றை அராவட்டும். பழைய சுருதி கலையாமல் தப்பிய பெட்டியில் தோலை மட்டும் மாற்றிவிட்டு அரத்தைக் கீழே வைப்பதுதான் முறை.