சரக்கோடு வந்த பாதிரியார்

1750ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று இளம் பாதிரிமார் கடலூரில் வந்து இறங்கினார்கள். மூவரில் ஒருவர், பின்னாளில் தஞ்சாவூர் அரண்மனை வரை பெயர் பெற்ற ஷ்வார்ட்ஸ். அவர் போய்ச் சேர வேண்டிய ஊர் தரங்கம்பாடி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே இலங்கைப் பக்கமிருந்து வரும் கப்பலுக்குத் தரங்கம்பாடிதான் முதலில் வரும்; கடலூர் அதற்கு வடக்கே. ஏறக்குறைய ஆறு மாதம் கடலில் கிடந்தவர், தன் ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, பிறகு தெற்கே திரும்பி வந்திருக்கிறார். ஏன் இப்படி? டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நம் எல்லோர் மனதிலும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்தை எடுத்து வைத்துவிடுவோம். வெள்ளைக்காரப் பாதிரியார் என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? கம்பெனிக் கப்பலில் ராஜ மரியாதையோடு வந்தவர், கவர்னருக்கு வேண்டியவர், கோட்டைக் கதவு அவருக்காகத் திறந்தே இருக்கும் என்று. அப்படியானால் அவர் பட்ட அவதிக்கெல்லாம் நம்மூர் வெயிலும் மிளகாயும்தானே காரணம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறோம். வெயிலும் மிளகாயும் வாட்டியது உண்மைதான். பெரிய அவதிகள் வேறு இடத்திலிருந்து வந்தன.

வியாபாரக் கம்பெனிகளுக்குப் பாதிரிமார் தேவைப்படவில்லை. மிளகும் துணியும் வாங்க வந்தவர்களுக்கு, ஊர்க்காரர்களின் மதத்தில் கை வைத்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் கடலைக் கடக்கப் பாதிரிமாருக்கு அந்தக் கப்பல்களை விட்டால் வழியில்லை. சரக்கு லாரியில் டிரைவரிடம் கேட்டு ஏறிக்கொண்ட ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கும் இடத்தில்தான் அவரும் இறங்க வேண்டும். வழியில் தன் ஊர் வந்ததே என்று வண்டியை நிறுத்தச் சொல்ல முடியாது. ஷ்வார்ட்ஸ் ஏறியது ஆங்கிலேயக் கப்பல். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்த ஆங்கிலேயர், 1752 வரை இந்தக் கரையின் தலைமையிடத்தைக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியோ டேனியர்களுடையது. ஆகவே கப்பல் நின்றது கடலூரில்.

தரங்கம்பாடியை ஆண்ட டேனியக் கம்பெனியின் கப்பலிலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்கிறீர்களா? 1706 ஜூலை 9இல் சீகன்பால்கு என்ற பாதிரியார் அப்படித்தான் டேனியக் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்தார். கையில் டென்மார்க் ராஜாவின் ஆணையே இருந்தது. ஆனாலும் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரை வரவேற்கவில்லை. அன்று தொடங்கிய உரசல் முற்றி, 1708 நவம்பரில் அவரைக் கோட்டைக்குள்ளேயே சிறையில் அடைத்தார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். ராஜா அனுப்பிய ஆளை, ராஜாவின் கொடி பறக்கும் கோட்டையிலேயே அடைத்து வைத்தார்கள்! கோபன்ஹேகனுக்குப் புகார் எழுதி, பதில் வந்து, நியாயம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும்.

அதென்ன அவ்வளவு நாள்? இங்கேதான் காற்று வருகிறது. பாய்மரக் கப்பல் நினைத்த மாதத்தில் புறப்பட முடியாது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நம் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, ஆனி ஆடியில் இந்தக் கரைக்கு வர வேண்டும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குக் காற்றும் புயலும் வந்துவிடும். துறைமுகமே இல்லாத கரையில் அதற்குமேல் கப்பல் நிற்காது. ஒரு கேள்வி போக ஏழெட்டு மாதம், பதில் வர ஏழெட்டு மாதம், நடுவில் காற்றுக்குக் காத்திருக்கும் காலம் தனி.

இனி கரைக்கு வருவோம். கப்பல் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைல் தள்ளியே நங்கூரம் போடும். கரையை ஒட்டி அலை மடங்கி மடங்கி உடையும் இடத்தில் ஐரோப்பியப் படகு தரையில் மோதினால் பிளந்துவிடும். நம் மீனவர்களின் மசூலா படகு மட்டுமே அங்கே செல்லும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. மோதும்போது பலகைகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. ஆனால் தையல் வழியாகத் தண்ணீர் கசியும்; ஒருவர் இறைத்துக்கொண்டே வர வேண்டும். கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரத்துக்காரர்களும் பக்கத்திலேயே வருவார்கள். கறுப்புக் கம்பளி அங்கியோடு வந்த வேத போதகர்கள் இந்த மண்ணில் முதல் அடி எடுத்து வைத்தது பெரும்பாலும் சொட்டச் சொட்ட நனைந்துதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகத் தரங்கம்பாடிக்கு இன்று பேருந்தில் மூன்று மணி நேரம் போல ஆகும். அன்று அந்த நூறு கிலோமீட்டருக்குள் நான்கு ஆட்சிகள்: ஆங்கிலேயர், ஆற்காட்டு நவாபு, கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராத்தியர், கடைசியில் டேனியர். வெள்ளாறு, கொள்ளிடம் இரண்டுக்கும் பாலமில்லை. போர்க்காலத்தில் கோயிலே கோட்டையாகிவிடும். 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலுக்குள் ஹைதர் அலியின் படை இருந்தது. தாக்கப் போன ஆங்கிலத் தளபதி அயர் கூட் முடியாமல் திரும்பினார். அடுத்த மாதமே பரங்கிப்பேட்டையில் பெரும் போர். அந்தச் சாலையில் போகிறவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஊரிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் வேடிக்கையான கதை தரங்கம்பாடி அச்சு இயந்திரத்தினுடையது. அதை லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711இல் கப்பலேற்றியது. கூடவே அச்சுக்கோக்கத் தெரிந்த ஃபிங்க் என்பவரையும் அனுப்பியது. கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது பிரெஞ்சுக் கடற்படை வந்து ஊரையே பிடித்தது, கப்பலும் பிடிபட்டது. பணம் கொடுத்து மீட்டு மறுபடி கிளம்பினால், ஆப்பிரிக்கத் தென்முனைப் பக்கம் ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் சென்னைக்கு வந்தது, ஓட்ட ஆளில்லாமல். நல்ல வேளையாக, தரங்கம்பாடிக் கோட்டையில் சிப்பாயாக இருந்த ஒரு ஜெர்மானியருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது.

கதை அதோடு முடியவில்லை. வந்தவை ரோமன் எழுத்துகள். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அடுத்த வருடம் அனுப்பினார்கள். அவை மிகப் பெரியவை. அந்த அளவில் வேதாகமம் அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாது. காகிதமோ அதே ஆறு மாதக் கடலைத் தாண்டி வர வேண்டும். சிறிய எழுத்து வார்க்க ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத்தை உருக்கினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். காகிதத்துக்காகப் பக்கத்து ஊரான பொறையாறில் ஆலையே வைத்தார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முடிந்தது.

கடலூருக்கே திரும்பினால் கியர்நாண்டர் இருக்கிறார். ஸ்வீடனில் பிறந்து, ஹாலேயில் படித்து, அச்சு இயந்திரம் அனுப்பிய அதே லண்டன் சங்கத்தின் சம்பளத்தில் 1740இல் கடலூருக்கு வந்தவர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தார். பதினெட்டு வருட வேலையை விட்டுவிட்டு இவர் தரங்கம்பாடிக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போனார். வங்காளத்தின் முதல் புராட்டஸ்டன்ட் மிஷன் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு விதை போட்டது பிரெஞ்சுப் பீரங்கி என்றும் சொல்லலாம்.

இதனால் பாதிரிமார் எல்லோரும் ஆட்சிக்கு அந்நியர் என்று மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. லண்டன் சங்கத்தின் ஆட்களுக்கு ஆங்கிலக் கம்பெனி கப்பலில் கட்டணமின்றி இடம் கொடுத்தது. ஷ்வார்ட்ஸ் 1779இல் சென்னை அரசின் தூதராக ஹைதர் அலியிடமே போனார். ஆனால் தன் ஆட்சிப் பகுதிக்குள் மிஷனரிகள் வரச் சட்டப்படி வழிவிடும் கட்டாயம் ஆங்கிலக் கம்பெனிக்கு 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தில்தான் வந்தது. அதுவரை இடம் கொடுத்ததும் தயவு, மறுத்ததும் தயவு.

ஆகவே அடுத்த முறை ஒரு பழைய மிஷனரியின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தால், அவர் என்ன பிரசங்கித்தார் என்பதற்கு முன்னால் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: யாருடைய கப்பலில் வந்தார், எந்த மாதத்தில் வந்தார். அவர் பட்ட அவதியில் பாதிக்குக் காரணம் அந்த இரண்டில் கிடைத்துவிடும்.